அமெரிக்க முதனிலைத் தேர்தலும் கருக்கலைப்பு வாக்கெடுப்பும்: உயர்தர மாணவர்களுக்கு எதனோடு ஒப்பிட்டு விளக்குவது?

கோப்பாய் ஆசிரியை எழுதியது:

உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் கற்பிக்கின்றேன். ஐக்கிய அமெரிக்காவின் ஆட்சிமுறையைப் படிப்பிக்கும்போது ஜனாதிபதி, காங்கிரஸ், உயர் நீதிமன்றம் ஆகிய மூன்றையும் ஒருவாறு சொல்லி முடித்துவிடலாம். மாநில மட்டத்துக்கு இறங்கியவுடன் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு என்னுடைய குறிப்புகள் போதவில்லை. சென்ற வெள்ளிக்கிழமை ஒரு மாணவன், "கட்சியின் வேட்பாளரைக் கட்சிதானே தெரிவு செய்ய வேண்டும், அதற்கு அரசாங்கம் ஏன் தேர்தல் வைக்கின்றது?" என்று கேட்டான். இன்னொரு பிள்ளை, கருக்கலைப்பு உரிமையை மாநில மக்கள் வாக்குச்சீட்டில் தீர்மானித்தார்கள் என்று செய்தியில் வாசித்துவிட்டு, "அந்தக் கேள்வியை எழுதுகிறவர் யார், ரீச்சர்?" என்று கேட்டாள். திங்கட்கிழமை சொல்கிறேன் என்று விட்டுவிட்டேன்.

முதலாவதற்கு எங்கள் விருப்பு வாக்கையும், இரண்டாவதற்கு 1982ஆம் ஆண்டின் சர்வசன வாக்கெடுப்பையும் ஒப்பிட்டு விளக்கலாம் என்று நினைக்கின்றேன். அந்த ஒப்பீடு சரிதானா, அல்லது பிள்ளைகளைப் பிழையான வழியில் கொண்டுபோய்விடுமா என்பதை அறிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும். பரீட்சைக்கு வேண்டிய விடை என்னிடம் இருக்கின்றது. அதற்கு அப்பாலுள்ளதைத்தான் கேட்கின்றேன்.

தென்மராட்சியான் எழுதியது:

சாவகச்சேரியில் பிறந்து, இப்போது ஒஹாயோ மாநிலத்தில் வாக்களித்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகின்றேன். இங்கே பிரைமரி என்று சொல்லப்படும், கட்சியின் வேட்பாளரை வாக்காளர்களே தெரிவு செய்யும் முதனிலைத் தேர்தலைக் கட்சி அலுவலகம் நடத்துவதில்லை. பொதுத் தேர்தலை நடத்தும் அதே தேர்தல் சபையே, அதே வாக்களிப்பு நிலையத்தில், அரசாங்கச் செலவில் நடத்துகின்றது. எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று எங்களிடம் கேட்பார்கள். கட்சி எதுவும் வேண்டாம், மக்கள் தீர்மானத்துக்கு விடப்பட்ட விடயங்கள் மட்டும் அடங்கிய சீட்டைத் தாருங்கள் என்றும் கேட்கலாம். இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயோர்க்கில் கட்சியில் பதிவு செய்தவர்கள் மட்டுமே வாக்களிக்கலாம். கலிபோர்னியாவில் 2012 முதல் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே சீட்டில் நிற்க, முதல் இரண்டு இடங்களைப் பெறுகிறவர்கள் ஒரே கட்சியினராக இருந்தாலும் நவம்பர் தேர்தலுக்குப் போகின்றார்கள்.

அரசாங்கம் ஏன் தலையிட்டது என்ற மாணவனின் கேள்விக்கு விடை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருக்கின்றது. கட்சிப் பெரியவர்கள் மூடிய அறையில் வேட்பாளரைத் தெரிவு செய்வதும், அந்த அறைக்குள் இரயில்வே நிறுவனங்களின் பணம் புகுவதும் பொறுக்க முடியாத நிலைக்கு வந்தபோது விஸ்கொன்சின் போன்ற மாநிலங்கள் அந்த அதிகாரத்தைச் சட்டத்தின் மூலம் பறித்தன. விஸ்கொன்சினில் அந்தச் சட்டத்தையே 1904இல் மக்கள் வாக்களித்து ஏற்றுக்கொண்டார்கள்.

பிரதிநிதிகள் சபையின் 435 ஆசனங்களுக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் வருகின்றது. அவற்றில் பெரும்பாலானவை ஒரு கட்சியின் கோட்டைகள் என்பதால், உண்மையான போட்டி முதனிலைத் தேர்தலோடு முடிந்துவிடுகின்றது. 2018 ஜூனில் நியூயோர்க்கின் 14ஆம் தொகுதியில் அலெக்சாண்டிரியா ஒகாசியோ-கோர்ட்டெஸ், தன் கட்சியின் மூத்த தலைவர்களில் ஒருவரான ஜோ கிறௌலியைத் தோற்கடித்தபோது இருவரும் பெற்ற வாக்குகளைக் கூட்டினாலும் 30,000 வரவில்லை. ஏழு இலட்சம் பேர் அளவில் வாழும் தொகுதி அது. எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த பெயர் ஒன்றும் சொல்லலாம்: தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ராஜா கிருஷ்ணமூர்த்தி 2012இல் இல்லினோயின் 8ஆம் தொகுதிக்கான முதனிலைத் தேர்தலில் டாமி டக்வேர்த்திடம் தோற்றார், 2016இல் அதே தொகுதியில் வென்று காங்கிரசுக்குப் போனார்.

இனி இரண்டாவது கேள்வி. 2022 ஜூன் 24இல் கூட்டாட்சி உயர் நீதிமன்றம், கருக்கலைப்பை நாடு முழுவதற்குமான உரிமையாக்கிய 1973ஆம் ஆண்டின் ரோ எதிர் வேட் தீர்ப்பை நீக்கி, கருக்கலைப்புப் பற்றிய முடிவை மாநிலங்களிடம் விட்டது. அதன் பின்னர் ஒஹாயோவில் நடந்தது, கேள்வியை எழுதுகிறவர் யார் என்று கேட்ட அந்தப் பிள்ளைக்காகவே நடந்ததுபோல இருக்கும். இங்கே நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர்களின் கையொப்பத்தைத் திரட்டினால் அரசியலமைப்புத் திருத்தம் ஒன்றை மக்களே முன்வைக்கலாம். கருக்கலைப்பு உரிமைக்காக அந்தக் கையொப்பங்கள் திரட்டப்பட்டுக்கொண்டிருந்தபோது, மாநிலச் சட்டமன்றம் 2023 ஆகஸ்ட் 8இல் வேறொரு கேள்வியை முன்வைத்தது: இனிமேல் அரசியலமைப்பைத் திருத்த 60 வீத வாக்கு வேண்டும் என்று ஆக்கலாமா? ஆகஸ்ட் மாத விசேட தேர்தல்களுக்கு வாக்காளர்கள் வருவதில்லை, பணம் வீண் என்று சொல்லி அவற்றில் பெரும்பாலானவற்றை ஒழித்ததும் அதே சட்டமன்றம்தான். மக்கள் 57 வீதத்தால் அதை நிராகரித்தார்கள். நவம்பர் 7இல் கருக்கலைப்பு உரிமைத் திருத்தம் ஏறத்தாழ 57 வீதத்துடன் நிறைவேறியது. ஆகஸ்டில் மற்றக் கேள்வி வென்றிருந்தால், நவம்பரில் இதே 57 வீதம் தோல்வியாகியிருக்கும்.

சொற்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். திருத்தத்தின் மூல வாசகத்தில் "கரு" என்று இருந்ததை, வாக்குச்சீட்டில் அச்சிடும் சுருக்கத்தில் "பிறவாத குழந்தை" என்று மாநில வாக்குச்சீட்டுச் சபை மாற்றியது. வாக்களிக்கும் கூண்டுக்குள் நின்று வாசித்தபோது, நான் கையொப்பமிட்ட கேள்வியும் என் கையிலிருந்த கேள்வியும் ஒன்றுதானா என்று ஒரு கணம் யோசித்தேன்.

பழைய தேர்தல் உத்தியோகத்தர் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு, நீங்கள் எடுத்த முதலாவது ஒப்பீடு ஓரளவுக்குச் சரி. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு முதலில் கட்சிப் பட்டியலுக்கு மட்டுமே வாக்களிக்க இடமளித்தது. விருப்பு வாக்கு 1988இல் பதினான்காம் திருத்தத்துடன் வந்து, 1989ஆம் ஆண்டின் பொதுத் தேர்தலில் முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2024இல் ஆறு ஆசனங்கள். ஆகவே ஒவ்வொரு பட்டியலிலும் ஒன்பது பெயர்கள். கட்சிக்குப் புள்ளடி இட்டபின் அந்த ஒன்பதில் மூவரை வாக்காளர் தெரிவு செய்யலாம். அமெரிக்கர் இரண்டு நாட்களில் செய்வதை நாங்கள் ஒரே நாளில், ஒரே சீட்டில் செய்கின்றோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஒரே பட்டியலில் நிற்பவர்கள் ஒருவர் மற்றவரின் சுவரொட்டிக்கு மேல் தன் சுவரொட்டியை ஒட்டுவது ஏன் என்பதும் அப்போது விளங்கிவிடும்.

ஆனால் அந்த ஒன்பது பெயர்களையும் யார் எழுதினார்கள் என்று கேட்டால் ஒப்பீடு நின்றுவிடும். எங்கள் நாட்டில் வேட்புமனுவில் கையொப்பமிடுகின்றவர் கட்சியின் செயலாளர். அவருக்கு மேலே வாக்காளர் இல்லை. உள்ளூராட்சியில் நிலைமை இன்னும் இறுகிவிட்டது. 2011இல் பிரதேச சபைகளுக்குக்கூட விருப்பு வாக்கு இருந்தது. 2018 பெப்ரவரியிலும் 2025 மே 6இலும் நடந்த உள்ளூராட்சித் தேர்தல்கள் கலப்பு முறையில் நடந்தன: 60 வீதம் வட்டாரத்திலிருந்து, 40 வீதம் பட்டியலிலிருந்து. பெரும்பாலான வட்டாரங்களில் கட்சிக்கு ஒரே ஒரு வேட்பாளர். பட்டியலிலிருந்து சபைக்கு எவர் போவது என்பதை முடிவு வெளிவந்தபின் கட்சி தீர்மானிக்கின்றது. பெண்களுக்கு 25 வீத இட ஒதுக்கீடு கிடைத்ததை நான் வரவேற்கின்றேன். வாக்காளரின் கையில் இருந்த மூன்று விருப்பு வாக்குகளும் அதே சீர்திருத்தத்தில் போனதைப் பற்றி எங்கள் ஊரில் பேச்சே எழாதது எனக்கு இன்றும் வியப்பு.

எங்கள் அரசியலில் முதனிலைத் தேர்தலுக்குக் கிட்ட வந்த நிகழ்வு ஒன்று உண்டு. 2024 ஜனவரி 21இல் திருகோணமலையில் கூடிய தமிழரசுக் கட்சியின் பொதுச்சபை, தன் தலைவரை முதன்முறையாக வாக்கெடுப்பில் தெரிவு செய்தது: சிறீதரனுக்கு 184, சுமந்திரனுக்கு 137. ஊரெல்லாம் அதைப் பேசியது. வாக்களித்தவர்களோ ஒரு மண்டபத்துக்குள் அடங்கினார்கள். அடுத்த மாதமே விடயம் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது.

உங்கள் இரண்டாவது ஒப்பீட்டை விட்டுவிடாதீர்கள், ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து பயன்படுத்துங்கள். 1982 டிசம்பர் 22இல் நடந்த வாக்கெடுப்பின் நோக்கம், 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தல் இல்லாமல் மேலும் ஆறு ஆண்டுகள் நீடிப்பது. வாக்குச்சீட்டிலோ, நான்காம் திருத்தச் சட்டமூலத்தை அங்கீகரிக்கின்றீர்களா என்றுதான் கேட்கப்பட்டது. ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் பானை. யாழ்ப்பாணம் மிகப் பெரும்பான்மையாகப் பானைக்குப் போட்டது. நாடு முழுவதிலும் விளக்கு ஏறத்தாழ 55 வீதத்துடன் வென்றது. ஒஹாயோவில் கையொப்பம் திரட்டிக் கேள்வி கேட்பவன் குடிமகன். எங்கள் அரசியலமைப்பில் குடிமகனுக்கு அந்த வழியே இல்லை. சர்வசன வாக்கெடுப்புக்குக் கட்டளையிடுபவர் ஜனாதிபதி.

கேட்காமல் விட்ட கேள்வியும் உண்டு. 1988இல் வடக்கும் கிழக்கும் இணைக்கப்பட்டபோது, கிழக்கு மக்களின் விருப்பத்தை அவ்வாண்டு முடிவதற்குள் வாக்கெடுப்பில் அறிய வேண்டும் என்று சட்டம் சொன்னது. ஜனாதிபதிகள் மாறி மாறி அதை ஒத்திவைத்தார்கள். 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்பே செல்லாது என்று தீர்ப்பளிக்கும் வரையில் அந்த வாக்கெடுப்பு நடக்கவேயில்லை.

குடும்பநலம் எழுதியது:

வலிகாமத்தில் குடும்பநல உத்தியோகத்தராகப் பணியாற்றியவள் நான். மாநிலம் என்பதை மாகாணம் என்று பிள்ளைகள் விளங்கிக்கொண்டால் பிழையாகிவிடும் என்பதற்காக எழுதுகின்றேன். அமெரிக்காவில் குற்றவியல் சட்டத்தின் பெரும்பகுதி மாநிலங்களுடையது. அதனால்தான் கருக்கலைப்பை மிசூரி ஒருவாறும் கலிபோர்னியா வேறொருவாறும் நடத்துகின்றன. எங்கள் நாட்டில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை இன்னமும் நடைமுறையில் இருக்கின்றது. அதன் 303ஆம் பிரிவின்படி தாயின் உயிரைக் காக்கும் நோக்கம் தவிர்ந்த எந்தக் கருக்கலைப்பும் குற்றம். தண்டனை மூன்று ஆண்டுகள் வரை, கரு அசைவு தெரிந்தபின் ஏழு ஆண்டுகள் வரை. வன்புணர்வால் வந்த கருவுக்கும் விலக்கு இல்லை. 1995இல் பாராளுமன்றத்துக்கு வந்த திருத்தத்திலிருந்து அந்தப் பகுதி மட்டும் விலக்கப்பட்டது. 2017இல் அமைச்சரவை வரை போன முயற்சி, கத்தோலிக்க ஆயர்களின் எதிர்ப்புக்குப் பின் அப்படியே கிடக்கின்றது.

இதில் மாகாண சபைக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. கர்ப்பிணித் தாயைப் பதிவு செய்து பார்க்கும் நிலையம் மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் கீழே வருகின்றது, அவளைக் குற்றவாளியாக்கக்கூடிய சட்டம் கொழும்பில் இருக்கின்றது. வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் தேர்தலே நடக்கவில்லை என்பது வேறு. சட்டத்துக்குப் பயந்து எவரிடமோ போய், இரத்தப்போக்கு நிற்காமல் பிந்தி வைத்தியசாலைக்கு வருகின்ற பெண்களைக் கண்டிருக்கின்றேன். இந்தக் கேள்வியை எங்கள் மேடைகளில் எந்தக் கட்சியும் எடுத்து நான் கேட்டதில்லை. ஆகவே அந்த மாணவியிடம், கேள்வியை எழுதுகிறவர் யார் என்பதோடு, எழுதவே விடாதவர் யார் என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

ஐந்துசந்தி எழுதியது:

மேலே எழுதிய மூவரும், மக்கள் கேள்வி கேட்கும் உரிமையைப் பெரும் நன்மையாகவே பார்க்கின்றார்கள். நான் அவ்வளவு நம்பிக்கை கொள்ளவில்லை. 2009 நவம்பரில் சுவிற்சர்லாந்தில் மக்கள் கையொப்பம் திரட்டிக் கொண்டுவந்த வாக்கெடுப்பு ஒன்று, புதிய பள்ளிவாசல் மினாராக்களைக் கட்டுவதை 57 வீதத்துக்கு மேற்பட்ட வாக்குகளால் தடை செய்தது. கேள்வியை எழுதியவர்கள் குடிமக்கள்தாம். முறையிலும் குறை சொல்ல முடியாது. இலங்கை முழுவதற்கும் அப்படி ஓர் ஏற்பாடு இருந்தால் தமிழருக்கு எதிராக என்னென்ன கேள்விகள் எழுதப்பட்டிருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. மாகாணத்துக்குள் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால், அங்கே நீங்கள் பெரும்பான்மை, முஸ்லிம்களாகிய நாங்கள் சிறுபான்மை. 1990 ஒக்டோபரில் எங்களை யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றியவர்கள் எவரிடமும் வாக்குக் கேட்கவில்லை; கேட்டிருந்தால் விடை என்னவாக இருந்திருக்கும் என்று என் தகப்பனார் திரும்பி வந்தபின்னும் யோசித்துக்கொண்டிருந்தார். நான் அதற்கு விடை சொல்லத் துணியவில்லை.

எத்தனை வீதம் வேண்டும் என்பதிலும் தெளிவான நியாயம் எதுவும் இல்லை. 2024 நவம்பரில் பத்து மாநிலங்களில் கருக்கலைப்புக் கேள்வி வந்தது. ஏழில் உரிமைப் பக்கம் வென்றது. புளோரிடாவில் 57 வீதம் பெற்றும் தோற்றது, ஏனென்றால் அங்கே 60 வேண்டும். அந்த 60 வீத விதியை 2006இல் கொண்டுவந்த திருத்தமே 58 வீதத்துக்குக் கிட்டத்தான் பெற்றது. மிசூரியில் 52 வீதத்துக்குச் சற்றுக் குறைவாகப் பெற்று வென்ற உரிமையை, அடுத்த ஆண்டே மாநிலச் சட்டமன்றம் மீண்டும் மக்களிடம் அனுப்பத் தீர்மானித்தது. ஓர் உரிமையை ஒவ்வொரு தேர்தலிலும் மறுபடி வென்றுகொண்டிருக்க வேண்டும் என்றால் அதை உரிமை என்று சொல்லலாமா என்பதைப் பிள்ளைகளிடமே விட்டுப் பாருங்கள்.

தென்மராட்சியான் எழுதியது:

ஐந்துசந்திக்கு: உங்கள் அச்சத்தை மறுக்க முடியாது. ஆனால் கன்சாசையும் பாருங்கள். அங்கே மக்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமை இல்லை. உரிமையைப் பறிக்கும் கேள்வியைச் சட்டமன்றமே எழுதி, கட்சி சாராதவர்கள் வழமையாக வராத முதனிலைத் தேர்தல் நாளான 2022 ஆகஸ்ட் 2இல் வைத்தது. அன்று கட்சி சாராதவர்களும் திரண்டு வந்தார்கள். 59 வீதம் இல்லை என்றது. பெரும்பான்மை எப்போதும் எழுதியவர் விரும்பியபடி விடை சொல்வதில்லை.

கோப்பாய் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. திங்கட்கிழமைப் பாடத்தை மாற்றிவிட்டேன். ஒஹாயோவின் மூல வாசகத்தையும் அச்சான சுருக்கத்தையும் தமிழாக்கி, 1982ஆம் ஆண்டின் கேள்வியையும் பக்கத்தில் வைத்து, எது எதைக் கேட்கின்றது என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லப் போகின்றேன். ஐந்துசந்தியின் கேள்வியை அடுத்த கிழமைக்கு வைத்திருக்கின்றேன்; அதற்கு நாற்பது நிமிடப் பாடவேளை காணாது. பழைய தேர்தல் உத்தியோகத்தர் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள்: விளக்கும் பானையும் அச்சான அந்த வாக்குச்சீட்டின் மாதிரியை அன்றைய பத்திரிகைகளில் வெளியிட்டிருந்தார்களா? இருந்தால் படியெடுத்து வகுப்பில் கொடுப்பேன்.