ஹூஸ்டனுக்குக் குடிபெயர்வது: பாதகங்களை மட்டும் சொல்லுங்கள்

வடக்குவாசி:
எல்லாருக்கும் வணக்கம். குளிர் மாநிலத்திலிருந்து ஹூஸ்டனுக்கு மாறுற யோசனை. ஆபீஸ் டவுன்டவுன்ல, வாரம் அஞ்சு நாளும் போகணும். நாலு பேர் குடும்பம், சுமார் 4 லட்சம் டாலர்ல வீடு. கேட்டி, ஷுகர் லேண்ட், பியர்லாண்ட் மூணு புறநகரையும் பார்க்குறோம். நல்லதெல்லாம் கேட்டாச்சு. மாநில வருமான வரி கிடையாது, வீடு பெருசு, பனி அள்ள வேண்டாம், மீனாட்சி கோயில் பக்கத்துல. எனக்கு வேண்டியது கெட்டது மட்டும். வெயில் உண்மையிலேயே தாங்குமா, வெள்ளத்துக்கு எவ்வளவு பயப்படணும், மாசச் செலவுல எது எதிர்பாராம வந்து நிக்கும்? "எல்லாம் பழகிடும்"ங்கிற பதில் வேண்டாம்.

பையூக்கரை:
வெயிலைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். காசு கொடுத்தால் வெயிலிலிருந்து ஓரளவு தப்பிக்கலாம். தண்ணீர் விஷயம் வீடு வாங்கும் நாளிலேயே முடிவாகிவிடும், பிறகு திருத்த முடியாது. அதனால் அதை முதலில் பாருங்கள்.

ஹூஸ்டன் தட்டையான களிமண் நிலம். மழைநீர் மண்ணுக்குள் இறங்குவது மெதுவாக, பையூக்களுக்கு (ஊருக்குள் மெதுவாக ஓடும் ஓடைகள்) வடிவது அதைவிட மெதுவாக. பெருமழையில் தண்ணீர் தற்காலிகமாகத் தெருவில் நிற்கும்படியே பல தெருக்களை அமைத்திருக்கிறார்கள். தெருவில் தண்ணீர் நிற்பது அங்கே கோளாறு இல்லை. அது வாசலைத் தாண்டுகிறதா என்பதுதான் கேள்வி. வீடு பார்க்கப் போகும்போது சமையலறைக் கல்லைப் பார்ப்பதற்கு முன், தெருவோர விளிம்பிலிருந்து வீட்டுத் தளம் எத்தனை அங்குலம் உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்து வீடுகளைவிடத் தாழ்ந்திருந்தால் அடுத்த வீட்டைப் பார்க்கப் போய்விடலாம்.

ஃபீமா (மத்திய அரசின் பேரிடர் அமைப்பு) வெளியிடும் வெள்ள வரைபடத்தில் ஏஇ என்று இருந்தால் ஆண்டுக்கு 1% வாய்ப்புள்ள வெள்ளப்பகுதி. '100 ஆண்டு வெள்ளம்' என்ற பெயர் ஆளை ஏமாற்றும். 30 ஆண்டுக் கடன் காலத்தில் ஒரு முறையாவது வருவதற்கான வாய்ப்பு 26%. அந்தப் பகுதிக்கு வெளியே, எக்ஸ் என்று இருந்தாலும் நிம்மதி வேண்டாம். 2017 ஹார்வி புயலில், ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் கவுண்டியில் தண்ணீர் புகுந்த வீடுகளில் பாதிக்கு மேல் 100 ஆண்டுக் கோட்டுக்கு வெளியே இருந்தவை.

கேட்டி பக்கம் பார்ப்பதால் இது ரொம்ப முக்கியம். 1940களில் கட்டிய ஆடிக்ஸ், பார்க்கர் நீர்த்தேக்கங்கள் சாதாரண நாட்களில் வறண்ட புல்வெளியும் பூங்காவும்தான், ஏரி மாதிரியே தெரியாது. அணை நிரம்பினால் தண்ணீர் தேங்கக்கூடிய பரப்பு அரசு நிலத்தோடு நிற்பதில்லை. மேற்கே இருக்கும் குடியிருப்புகளுக்குள்ளும் நீள்கிறது. வெள்ள வரைபடத்தில் எக்ஸ் என்று காட்டும் வீடே நீர்த்தேக்கப் பரப்புக்குள் இருக்கலாம். இரண்டையும் தனித்தனியாகச் சரிபாருங்கள். ஷுகர் லேண்டில் பல பகுதிகள் பிராசோஸ் ஆற்றுக் கரைகட்டுக்கு உள்ளே. ஆறு உயர்ந்திருக்கும்போது உள்ளே பெய்த மழையைப் பம்பு வைத்துத்தான் வெளியேற்ற வேண்டும், அந்த அமைப்புக்கெனத் தனி வரியும் உண்டு.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை: வெள்ள விவரம் சேர்ந்த உரிமையாளர் அறிவிப்பு (2019 செப்டம்பரிலிருந்து முந்தைய வெள்ளம், நீர்த்தேக்கப் பரப்பு எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும்), உயரச் சான்றிதழ் (வீட்டுத் தளத்தின் உயரத்தை அளந்து தருவது), வெள்ளக் காப்பீட்டில் அவர் வாங்கிய இழப்பீட்டு வரலாறு. 'எனக்குத் தெரிந்தவரை இல்லை' என்று எழுதியிருந்தால், அவர் எந்த ஆண்டு வாங்கினார் என்று பாருங்கள். 2018இல் வாங்கியவருக்கு 2017 தெரியாதுதான்.

சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்கு ஒரு பைசா தராது. மத்திய அரசுத் திட்டத்தின் வெள்ளக் காப்பீட்டில் உச்சவரம்பு கட்டடத்துக்கு 2.5 லட்சம் டாலர், பொருட்களுக்கு 1 லட்சம். பொதுவாக 30 நாள் காத்திருப்பு உண்டு. வீடு வாங்கிப் பத்திரம் முடிக்கும் நாளில் கடனோடு சேர்த்து எடுத்தால் அந்தக் காத்திருப்பு இல்லை. புயல் வளைகுடாவில் நுழைந்த பிறகு முகவரை அழைப்பதில் பயனில்லை.

கணக்கன்:
தண்ணியை அவர் சொல்லிட்டார். நான் பணம்.

வருமான வரி இல்லைங்கிறது உண்மை. ஆனா அது வீட்டு வரியா திரும்பி வரும். ஒன்றரை லட்சம் டாலர் சம்பளத்துக்கு 5% மாநில வரி கட்டுறவருக்கு மிச்சம் 7,500. இப்ப இந்தப் பக்கம் பாருங்க. புதுக் குடியிருப்புகள்ல பள்ளி, கவுண்டி வரியோட 'மட்'னு ஒண்ணு சேரும். தண்ணி, சாக்கடை, வடிகால் போட வாங்கின கடனை அடைக்கிற மாவட்டம் அது. குடியிருப்பு எவ்வளவு புதுசோ பெரும்பாலும் அவ்வளவு அதிகம். மொத்தம் 2.9%னு வைங்க, 4 லட்சம் வீட்டுக்கு வருஷம் 11,600. சொந்தமா குடியிருக்கிற வீடுன்னு ஹோம்ஸ்டெட் விலக்கு வாங்கினா பள்ளி வரியில மட்டும் 1,40,000 டாலர் மதிப்பைக் கழிப்பாங்க, சுமார் 1,500 குறையும். ஆக சுமார் 10,000. மிச்சமான 7,500 எங்க போச்சுன்னு தெரியுதா?

பலர் மாட்டுறது புது வீட்டோட ரெண்டாவது வருஷத்துல. டெக்சஸ்ல மதிப்பீடு ஜனவரி 1 நிலவரப்படி. அன்னைக்கு வெறும் மனையா இருந்தா அந்த வருஷ வரி மனைக்கு மட்டும்தான். மனை 60,000னா வரி 1,740, கடன் கம்பெனி எஸ்க்ரோவுக்கு (வரி கட்ட அவங்க சேர்த்து வைக்கிற கணக்கு) மாசம் 145 பிடிக்கும். அடுத்த வருஷம் முழு வீட்டுக்கும் 10,000 பில் வரும். பத்தாமப் போன 8,260ஐ பன்னிரண்டு மாசத்துக்குப் பிரிச்சா 688. இனிமேலுக்கான உயர்வு இன்னொரு 688. ஒரே கடிதத்துல மாசத் தவணை சுமார் 1,380 டாலர் ஏறும். விற்பனை அலுவலகத்துல காட்டுற மாசத் தவணை மனை வரியை வச்சுப் போட்டதா, முழு வீட்டு வரியை வச்சுப் போட்டதான்னு எழுத்துல கேளுங்க.

ஹோம்ஸ்டெட் விலக்கு தானா வராது, விண்ணப்பிக்கணும். ஓட்டுநர் உரிமத்துல இருக்கிற முகவரியும் வீட்டு முகவரியும் ஒண்ணா இருக்கணும், அதனால உரிமத்தை முதல்ல மாத்துங்க (எப்படியும் 90 நாள் கெடு, வண்டிப் பதிவுக்கு 30 நாள்). மதிப்பீடு வருஷத்துக்கு 10%க்கு மேல ஏறக்கூடாதுங்கிற வரம்பு விலக்கு வாங்கின அடுத்த வருஷத்துலிருந்துதான் வேலை செய்யும். மதிப்பீட்டை ஆட்சேபம் பண்ண வழக்கமான கெடு மே 15.

காப்பீட்டுல பிரீமியத்தை மட்டும் ஒப்பிடாதீங்க. காத்து, ஆலங்கட்டிச் சேதத்துக்கு முதல்ல நீங்க போட வேண்டிய பங்கு பெரும்பாலும் டாலர்ல இருக்காது, சதவீதத்துல இருக்கும். 4 லட்சத்துக்கு 2%னா கூரை பறந்தா முதல் 8,000 உங்க கையிலிருந்து. கூரைக்கு வயசாச்சுன்னா புதுக்கூரை விலையில்லாம தேய்மானம் போக மிச்சம்தான் கிடைக்கும்னு சின்ன எழுத்துல இருக்கும், தேடிப் படிங்க.

தூரம்: கேட்டியிலிருந்து டவுன்டவுன் ஒரு வழி சுமார் 30 மைல். வருஷம் 240 நாள் போய்வந்தா 14,400 மைல். மைலுக்கு 70 சென்ட் போட்டா 10,080 டாலர், டோல் தனி. ஐ-10 கேட்டி ஃப்ரீவேயை 2008 வாக்குல அகலப்படுத்தினாங்க. பக்கவாட்டுச் சாலைகளையும் சேர்த்தா சில இடத்துல 26 தடம். இருந்தும் காலையில நிக்கும். பியர்லாண்ட் தூரம் கம்மி, ஆனா 288 நெடுஞ்சாலைதான் முக்கிய வழி. ஒரு வழிக்குப் பத்து மைல் குறைஞ்சா வருஷத்துக்கு 4,800 மைல் மிச்சம்; வீட்டு விலை வித்தியாசத்தோட இதையும் எடை போடுங்க. டவுன்டவுன் ஆபீஸ்ங்கிறதால உங்களுக்கு ஒரு வழி இருக்கு: கேட்டி பக்கத்து பார்க் அண்ட் ரைடு பஸ் (காரை நிறுத்திட்டு ஏறிப் போறது). அது தனித் தடத்துல போகும். ஆபீஸ் வேற இடத்துக்கு மாறினா அந்த வசதி போச்சு. ஒரே ஊர்னு சொன்னாலும் கேட்டியிலிருந்து மீனாட்சி கோயிலுக்கு ஒரு மணி நேரம், 'பக்கத்துல'ங்கிற வார்த்தையை நம்பாதீங்க.

வடக்குவாசி:
எஸ்க்ரோ கணக்கு வயித்தைக் கலக்குது, ரொம்ப நன்றி. அப்ப வெயில்? ஏசி நாள் முழுக்க ஓடினா கரண்ட் பில் எப்படி? கரண்ட் போனா?

குளிர்பெட்டி:
மே முதல் அக்டோபர் பாதி வரை ஏசி ஓடும். பகல் 97, 98 டிகிரி ஃபாரன்ஹீட்தான், பாலைவன ஊர்களை விடக் குறைவு. ஆனால் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் ராத்திரி 75க்குக் கீழே இறங்கவே யோசிக்கும். சென்னை மே மாதம் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சென்னையில் நிழலில் நடக்கலாம், இங்கே நடக்க நிழலே இருக்காது.

ஏசி விஷயத்தில் நடக்கும் தவறுகள் மூன்று. ஒன்று, பெரிய வீடு என்று தேவைக்கு மேல் பெரிய ஏசி. அது சட்டென்று குளிர்வித்து நின்றுவிடும், ஈரத்தை எடுக்க நேரம் கிடைக்காது. அறை 74 காட்டும், படுக்கை விரிப்பு பிசுபிசுக்கும். இரண்டு, விசிறியைத் தொடர்ந்து ஓடும்படி வைப்பது. சுருளில் திரண்ட நீர் வடிவதற்குள் காற்று அதைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரும். ஆட்டோவில் வையுங்கள். பத்து டாலர் ஈரமானி ஒன்று வாங்கி 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்கிறதா பாருங்கள், 60 தாண்டி நின்றால் அலமாரிக்குள் பூஞ்சை வரும்.

மூன்றாவதுதான் கூரையை நனைக்கும். இங்கே ஏசியின் உட்பகுதி பெரும்பாலும் பரணில். நாள் முழுக்கச் சொட்டும் நீர் ஒரு குறுகிய பிவிசி குழாயில் வெளியே போக வேண்டும். அதில் பாசி பிடித்து அடைத்தால் நீர் அடியில் உள்ள தட்டில் நிரம்பும். தட்டில் மிதவைச் சுவிட்ச் இல்லையென்றால் படுக்கையறைக் கூரை வழியாக இறங்கும். கோடையில் மாதம் ஒரு கப் வெள்ளை வினிகரை அந்தக் குழாயின் வாயில் ஊற்றி, அரை மணி கழித்துத் தண்ணீர் விடுங்கள். சன்னலுக்கு மேலே வெளிச்சுவரில் சின்னக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து சொட்டினால் முதல் குழாய் அடைத்துவிட்டது என்று பொருள், அதற்காகவே அதைக் கண்ணில் படும் இடத்தில் வைக்கிறார்கள்.

மின்சாரத்தை நீங்களே கடை பார்த்து வாங்க வேண்டும். 2,500 சதுர அடி வீட்டுக்கு ஜூலை, ஆகஸ்டில் 2,000 யூனிட்டுக்கு மேல் போவது சகஜம். '6 சென்ட்' என்று விளம்பரம் வரும். உள்ளே போய்ப் பார்த்தால் யூனிட் 16 சென்ட், 1,000 யூனிட் தொட்டால் 100 டாலர் தள்ளுபடி. சரியாக 1,000 யூனிட் என்றால் 60 டாலர். 950 என்றால் 152. 2,000 என்றால் 220, அதாவது 11 சென்ட். மார்ச்சில் 700 யூனிட் ஓடும்போது தள்ளுபடியே கிடையாது. ஒவ்வொரு திட்டத்துக்கும் 500, 1,000, 2,000 யூனிட் விலை போட்ட விவரச் சீட்டு உண்டு. அதைத் தவிர வேறு எதையும் நம்ப வேண்டாம். ஒப்பந்தம் கோடை நடுவில் முடியாதபடி மாதங்களை எண்ணிக்கொள்ளுங்கள்.

கரண்ட் போவது: 2024 ஜூலை 8 பெரில் புயலில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருண்டன, சில இடங்களில் ஒரு வாரத்துக்கு மேல், நல்ல வெயிலில். முழு வீட்டு ஜெனரேட்டர் இல்லாவிட்டாலும் 2,000 வாட் இன்வெர்ட்டர் ஜெனரேட்டரும் 5,000 பிடியு சன்னல் ஏசியும் இருந்தால் ஒரு அறையையும் ஃப்ரிட்ஜையும் ஓட்டலாம் (சன்னல் ஏசிக்கு 500 வாட்டுக்குள்). ஜெனரேட்டர் வீட்டிலிருந்து 20 அடி தள்ளி வெளியே. கதவு திறந்த கராஜும் உள்ளேதான், புகை கொல்லும்.

குளிர் ஊர்க்காரர் என்பதால் இன்னொன்று. தண்ணீர்க் குழாய்கள் இங்கே பரண் வழியாகப் போகும். 2021 பிப்ரவரியில் மின்சாரமும் போய் உறைந்து வெடித்தவை அவைதான். வீட்டின் பிரதான வால்வு எங்கே என்று முதல் வாரமே கண்டுபிடியுங்கள்.

பையூக்கரை:
ஒன்று விட்டுப்போனது. களிமண் மழையில் உப்பும், வறட்சியில் சுருங்கும், மேலே இருக்கும் கான்கிரீட் தளம் அதோடு ஆடும். கதவு மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், சட்டத்தில் இடிக்கும் கதவு, இரண்டும் சேர்ந்து இருந்தால் தனியாக ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். பழுது பார்க்கும் நிறுவனத்தின் 'இலவச ஆய்வு' வேண்டாம், தளத்துக்கு அடியில் தூண் இறக்குவது அவர்கள் பிழைப்பு.

வடக்குவாசி:
அப்ப முதல் வருஷம் வாடகைதான் சரியா? எங்க, எப்படி எடுக்கலாம்?

கணக்கன்:
வாடகைதான். ஒரு கோடையும் ஒரு புயல் பருவமும் (ஜூன் முதல் நவம்பர்) பார்த்துட்டு வாங்குங்க. வாங்க நினைக்கிற பகுதியிலேயே எடுங்க, அப்பதான் அந்தச் சாலையில காலை 7 மணிக்கு எப்படின்னு தெரியும். வாடகைக்கும் வெள்ள அறிவிப்பு உண்டு: 2022லிருந்து, வீடு 100 ஆண்டு வெள்ளப்பகுதியில இருக்கா, கடந்த 5 வருஷத்துல தண்ணி வந்துச்சான்னு உரிமையாளர் எழுத்துல தரணும். அது இல்லாத ஒப்பந்தத்துல கையெழுத்து போடாதீங்க. வாடகைக்காரரா இருந்தாலும் பொருட்களுக்கு மட்டும் வெள்ளக் காப்பீடு எடுக்கலாம்.

வீடு பார்க்க வர்றது ஆகஸ்ட்ல வாங்க, பிப்ரவரியில வேண்டாம். ரெண்டாவது மாடி அறையில மதியம் 3 மணிக்குப் பத்து நிமிஷம் உக்காருங்க. நல்ல மழை பெய்ஞ்ச மறுநாள் அதே தெருவுக்கு இன்னொரு தடவை போய், எங்க இன்னும் தண்ணி நிக்குதுன்னு பார்த்துட்டு எதிர்வீட்டுக்காரரைக் கேளுங்க. "வெள்ளம் வந்துச்சா"ன்னு கேட்டா இல்லைன்னுதான் சொல்வாங்க, அவங்க வீட்டு விலையும் அதுல இருக்கு. "ஹார்வி அப்ப தண்ணி எந்தப் படி வரைக்கும் வந்துச்சு"ன்னு கேளுங்க.