விரால் பார்ப்பு மேய்த்த கரையில் ஓர் இரவு

வீராணம் ஏரியில் தூண்டில் போட்டு, ஓர் இரவு தங்கிவர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் சித்தப்பாவும் கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாக காட்டுமன்னார்கோவிலுக்கு பைக்கில் போனோம். போன ஐப்பசி, தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால்.

கிளம்புமுன் சித்தப்பா இரண்டே விஷயம்தான் விசாரித்தார். ஒன்று, ஏரியில் எத்தனை அடி தண்ணீர். முழு நீர்மட்டம் 47.5 அடி. முட்ட நிரம்பிவிட்டால் மீன் பரந்து போய்விடும், கரையில் நிற்பவனுக்கு எட்டாது என்பார். கீழணையிலிருந்து ஏரிக்கு வரும் வடவாற்றில் தண்ணீர் வருகிறதா என்பதையும் கேட்டுக்கொண்டார், புதுத் தண்ணீருக்குத்தான் கெண்டையும் கெளுத்தியும் ஏறும். இரண்டாவது, மீன் குத்தகை யாரிடம் இருக்கிறது என்பது. போனதும் நேரே குத்தகைக்காரரின் ஆளைப் பார்த்துக் கேட்டோம். "தூண்டில்னா போடுங்க, வலை மட்டும் வேணாம்" என்றார். இதைக் கேட்காமல் கரையில் போய் உட்காராதீர்கள். காசு கொடுத்துக் குஞ்சு விட்டு வளர்த்தவர்கள் அவர்கள்.

வாழைக்கொல்லையில் தோண்டிய மண்புழுவை ஈரமண்ணோடு கொட்டாங்கச்சியில் கொண்டுபோயிருந்தோம். மதியத்துக்குள் ஐந்தாறு கெண்டை, ஒரு கெளுத்தி. கெளுத்தியைக் கழற்றும்போது கவனம், செவுளுக்குப் பக்கத்து முள் குத்தினால் கை விண்விண்ணென்று தெறிக்கும்.

அப்புறம்தான் அதைப் பார்த்தேன். நாணல் ஓரமாக, முறம் அகலத்துக்குத் தண்ணீர் செக்கச்செவேலென்று நகர்ந்தது. குங்குமத்தைக் கொட்டிவிட்டது போல. நூற்றுக்கணக்கான விரால் பார்ப்பு, விரால் மீனின் குஞ்சுகள்! மூச்சு வாங்க மேலே வந்து பொட்டுப்பொட்டாகத் தண்ணீரைத் தொட்டுவிட்டு இறங்கின. அவற்றுக்குக் கீழே முழங்கை நீளத்தில் கருப்பாகத் தாய். தவளைக்குஞ்சைக் கோத்துப் போட்டால் குஞ்சைக் காக்கும் வெறியில் அது உடனே கவ்வும், எனக்கும் தெரியும். கை தூண்டிலுக்குப் போனது. சித்தப்பா தூண்டில் நரம்பைப் பிடித்துக்கொண்டார். "பார்ப்பு மேய்க்கிறதப் புடிச்சா அத்தனை குஞ்சும் மத்த மீனுக்கு இரைடா." சுருட்டி வைத்துவிட்டேன்.

தங்குவதற்குக் கரையில் கூடாரம் போட வேண்டாம். நாங்கள் அத்தை வயலில்தான் போட்டோம். அதுவும் சரிவரவில்லை. டெல்டா களிமண், ஒரு மழைக்கே இளகி முளைக்குச்சிகள் பிடுங்கிக்கொண்டன. ஒன்பது மணிக்கு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு மோட்டார் கொட்டகைக்கு ஓடினோம். அங்கேயே மூன்று கல் வைத்துக் குழம்பு கொதித்தது. கொசுவலை எடுத்துப் போனது புண்ணியம். உங்களுக்கு மாசி தோது, மழை இருக்காது, பனிக்கு ஒரு போர்வை போதும்.

விடிந்ததும் டீகூடக் குடிக்காமல் நாணல் பக்கம் போனோம். அந்தச் சிவப்பு பத்தடி தள்ளி மேய்ந்துகொண்டிருந்தது. அடியில் தாயும் இருந்தது.