தெஹிவளை–கல்கிசைப் பக்கம் குடிபோக நினைக்கிறோம்: அயலும் சமூக வாழ்க்கையும் எப்படி?

கொட்டாஞ்சேனைவாசி கேட்கிறார்:

வணக்கம். கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கும் நாங்கள், ஒப்பந்தம் முடிந்ததும் தெஹிவளை அல்லது கல்கிசைப் பக்கம் மாறலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். வெள்ளவத்தை வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. வாடகை, முற்பணம், தண்ணீர் வசதி போன்றவற்றைத் தரகரிடமே விசாரித்துக்கொள்ளலாம். நான் அறிய விரும்புவது அவர் சொல்லாத விடயங்களை. இங்கே படியிறங்கினால் மாரியம்மன் கோயில், சற்று நடந்தால் புனித லூசியாள் பேராலயம், எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் தமிழ். எங்களோடு இருக்கும் என் அம்மாவுக்குச் சிங்களம் ஓரளவுதான் வரும். மகள் மூன்று வருடத்தில் தரம் 1இல் சேர வேண்டும். அந்தப் பக்கம் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு அயல் என்று சொல்லிக்கொள்ள ஏதாவது இருக்கிறதா, அல்லது கதவைப் பூட்டிக்கொண்டு வாழ வேண்டிய இடமா?

கடற்கரை ஒழுங்கை எழுதுகிறார்:

கல்கிசையில் நீண்ட காலமாக இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் ஊரின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். தெஹிவளை–கல்கிசை கொழும்பு மாநகர சபைக்குள் அடங்கிய பகுதி அல்ல; அதற்குத் தனி மாநகர சபை உண்டு. இரத்மலானை, களுபோவில, அத்திடிய போன்ற பகுதிகளும் அதற்குள்ளேயே வருகின்றன. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சனத்தொகை 2 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. ஆனாலும் அதை ஒரே ஊர் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. காலி வீதிக்குக் கடற்பக்கம் ஒரு வாழ்க்கை, நிலப்பக்கம் இன்னொரு வாழ்க்கை. கடற்பக்கத்து ஒழுங்கைகள் குறுகியவை. அவற்றின் முடிவில் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெஹிவளைப் புகையிரத நிலைய மேடையில் நின்றால் மூக்குக்கண்ணாடியில் உப்பு படியும். அதே உப்பு ஜன்னல் கிரில்லையும் குளிர்சாதனப் பெட்டியையும் அரிக்கும் என்பதைத் தரகர் நிச்சயமாகச் சொல்ல மாட்டார்.

கதவைப் பூட்டிக்கொண்டு வாழ வேண்டுமா என்று கேட்டீர்கள். இங்கே அயல் என்பது பெரும்பாலும் ஒழுங்கைதான். எங்கள் ஒழுங்கையில் மரண உதவிச் சங்கம் ஒன்று இருக்கிறது. மாதச் சந்தா சிறு தொகை. ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்தால், இறந்தவர் எந்த இனத்தவர் என்று பாராமல் கூடாரமும் கதிரைகளும் வந்து இறங்கும், சந்தி வரை வெள்ளைக் கொடி கட்டப்படும், தேநீர் ஊற்ற இளைஞர்கள் வந்துவிடுவார்கள். பௌத்தர்களின் வெசாக் காலத்தில் அதே இளைஞர்கள் தன்சலுக்கு, அதாவது வருவோருக்கெல்லாம் இலவசமாக உணவு கொடுக்கும் பந்தலுக்கு, பணம் சேர்க்க வருவார்கள். கொடுங்கள், முடிந்தால் ஒரு மணி நேரம் நின்று பரிமாறவும் செய்யுங்கள். இந்தச் சங்கத்தில் சேராத தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு, அவர்களை ஒருவரும் குறை சொல்வதுமில்லை. ஆனால் பத்து வருடம் இருந்தும் அவர்களுடைய பெயர் பக்கத்து வீட்டுக்குத் தெரியாது.

தமிழ் அமைப்புகள் என்று பார்த்தால் நாங்கள் வெள்ளவத்தையையே நம்பியிருக்கிறோம் என்பதுதான் உண்மை. 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் இராமகிருஷ்ண மிஷன் மண்டபமும் அங்கேதான் இருக்கின்றன. காலி வீதியில் 100 அல்லது 101 பஸ்ஸில் ஏறினால் சிறிது நேரத்தில் போய்விடலாம், ஆனால் மாலை நெரிசலில் அந்தச் சிறிது நேரத்துக்கு எல்லையே கிடையாது.

நெடுமால் எழுதுகிறார்:

மேலே எழுதிய ஐயா ஒழுங்கை பற்றிச் சொன்னது மிகச் சரி. வெள்ளவத்தையை நம்பியிருக்கிறோம் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தெஹிவளை நெடுமாலில் விஷ்ணு கோயில் இருக்கிறது. கொழும்பில் பெருமாளுக்கென்று அமைந்த கோயில்கள் குறைவு என்பதால் சனிக்கிழமைகளில், குறிப்பாகப் புரட்டாதியில், நகரின் மறுமுனையிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். அந்த நாட்களில் வெள்ளவத்தைதான் எங்களிடம் வருகிறது. இரத்மலானையில் கொழும்பு இந்துக் கல்லூரியும் திருநந்தீஸ்வரம் சிவன் கோயிலும் உள்ளன. இவை அண்மையில் குடியேறியவர்கள் உருவாக்கிய அடையாளங்கள் அல்ல. அரசாங்க உத்தியோகத்தர்களாகவும் இரத்மலானைப் புகையிரதத் தொழிற்சாலை ஊழியர்களாகவும் வந்த தமிழ்க் குடும்பங்கள் ஒரு காலத்தில் இந்தப் பக்கம் நன்றாக வேரூன்றியிருந்தன.

அந்த வேர் எப்படி அறுந்தது என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான வன்முறையில் இந்த ஒழுங்கைகளிலும் வீடுகள் எரிந்தன. இரத்மலானை விமானத் தளத்து முகாமில் தஞ்சமடைந்து, பின்னர் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவர்களில் பலர் திரும்பி வரவேயில்லை. 1996 ஜூலையில் தெஹிவளை நிலையத்தில் புகையிரதத்தில் குண்டு வெடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வேலை முடிந்து வீடு திரும்பிய சாதாரண மனிதர்கள் அவர்கள். போர்க்காலத்தில் வீட்டில் இருப்போர் விபரத்தைப் பொலிஸில் பதிந்துகொண்டு வாழ்ந்தோம். ஆகவே இங்கே பழைய தலைமுறைத் தமிழர் சிலர் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தால் அதைச் செருக்கு என்று எண்ண வேண்டாம்.

இன்று நிலைமை வேறு. பிரதான வீதிக்கு அண்மையில் தொடர்மாடிகள் எழுந்து, வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் குடும்பங்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு ஒழுங்கை கிடையாது; நிர்வாகக் குழுக் கூட்டமும் மின்தூக்கிச் சண்டையும்தான் உண்டு. உங்கள் அம்மாவுக்குப் பேச்சுத் துணை வேண்டுமென்றால், கோயிலுக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில், தரையோடு உள்ள வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்குத் தேடுங்கள்.

களுபோவில வாசகி எழுதுகிறார்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். தமிழ் பேசுவோர் என்றால் எங்களையும் சேர்த்துத்தானே? தெஹிவளையிலும் களுபோவிலயிலும் முஸ்லிம்கள் கணிசமாக வாழ்கிறோம். எங்கள் பகுதியில் மளிகைக்கடை, தையற்கடை, மருந்துக்கடை என்று பல இடங்களில் உங்கள் அம்மா தாராளமாகத் தமிழில் பேசலாம். எங்கள் பேச்சு அவருக்குக் கொஞ்சம் வேறு மாதிரி ஒலிக்கலாம், அவ்வளவுதான். நோன்பு காலத்தில் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் கஞ்சி கொடுப்பார்கள். எங்கள் பின்வீட்டுச் சிங்கள அம்மையார் தூக்குச்சட்டியோடு முதலாவதாக நிற்பார். இஞ்சி குறைந்தால் குறையும் சொல்வார். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு சில மாதங்கள் அயலவர் முகம் கொடுக்கத் தயங்கினார்கள், நாங்களும் தயங்கினோம். அந்த வருடம் அந்த அம்மையார் வரவில்லை, எனவே கஞ்சியை நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தோம்.

வயதானவர் இருப்பதால் களுபோவில போதனா வைத்தியசாலை அருகில் இருப்பது பெரிய ஆறுதல். ஆனால் அதைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனம் நிறுத்த இடமே கிடைக்காது. அத்திடியப் பக்கம் வீடு மலிவாகக் கிடைத்தால் உடனே சம்மதிக்க வேண்டாம். பெல்லன்வில–அத்திடியச் சதுப்பு நிலம் 1990இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, பறவைகள் பார்க்க அருமையான இடம். அதன் ஓரத்தை நிரப்பி எழுந்த வீடுகளுக்குள்தான் பெருமழையில் வெள்ளம் புகுகிறது. வீட்டுக்காரரிடம் கேட்காமல் பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள். மதிலில் தண்ணீர் ஏறிய அடையாளத்தை அவரே காட்டுவார்.

கொட்டாஞ்சேனைவாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. நெடுமால் பக்கம் முதலில் பார்க்கப் போகிறோம். மகளின் பாடசாலை விடயம் பற்றி எவராவது சொல்ல முடியுமா?

கடற்கரை ஒழுங்கை:

அரச பாடசாலையில் தரம் 1 அனுமதிக்கு வதிவிட அடிப்படையில் விண்ணப்பித்தால், பெற்றோரின் பெயர் முந்தைய ஐந்து வருட வாக்காளர் இடாப்பில் இருப்பதற்குப் புள்ளி உண்டு. உங்களிடம் மூன்று வருடமே இருப்பதால் ஒரு வருடத்தைக்கூட வீணாக்காதீர்கள். குடிபுகுந்த கிழமையே கிராம உத்தியோகத்தரைச் சந்தித்து, இடாப்பு திருத்தப்படும்போது பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் வெறும் கையெழுத்தோடு விட்டுவிடும் வீட்டுக்காரர்கள் நிறையப் பேர். அத்தகைய ஒப்பந்தம் நேர்முகப் பரீட்சையில் உதவாது. வீட்டுக்கும் நீங்கள் விரும்பும் பாடசாலைக்கும் இடையில் பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு பாடசாலைகள் இருந்தால் அவற்றுக்குப் புள்ளி கழிக்கப்படும் என்பதால், வீட்டைத் தீர்மானிக்குமுன் அந்த வருடச் சுற்றறிக்கையையும் ஒரு வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிராம உத்தியோகத்தர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருப்பதில்லை. எந்த நாட்களில் இருப்பார் என்பதைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போங்கள்.