ராத்திரி நெஞ்செரிச்சல்: தினமும் கேஸ் மாத்திரை போட்டால் தப்பா?

கடைவீதி:
ஜவுளிக்கடை வேலை. ஷட்டரை இறக்கிவிட்டு வீடு வந்து சேர பத்தரை ஆகும், சாப்பிட்ட கையோடு படுக்கை. நடுராத்திரியில் புளித்த தண்ணீர் தொண்டை வரை ஏறி, இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தால் அப்புறம் விடிய விடியக் கொட்டக்கொட்ட முழிப்புதான். ஒமிப்ரசோல் என்ற கேஸ் மாத்திரை போட்டால் தூங்குகிறேன். தினமும் போட்டால் என்ன தப்பு? வீட்டில் திட்டு விழுகிறது.

மிளகுக்கொடி:
தப்புதான் அண்ணா. வருஷக்கணக்கில் போட்டால் பி12 குறையும், மக்னீசியம் குறையும். செரிக்கத்தானே அமிலம் ஊறுகிறது, அதையே அடக்கி வைத்தால் எப்படி? எங்கள் வீட்டில் படுக்கும்முன் ஒரு டம்ளர் பால், அவ்வளவுதான்.

மருந்துச்சீட்டு:
நான் பார்மசிஸ்ட். பால் குடித்ததும் இதமாக இருக்கும், ஆனால் அதிலுள்ள புரதமும் கால்சியமும் கொஞ்ச நேரத்தில் இன்னும் அமிலத்தைச் சுரக்க வைக்கும். கடைவீதி, மாத்திரையை எப்போது போடுகிறீர்கள்? படுக்கும்போது என்றால் பாதி வீண். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும்.

மிளகுக்கொடி:
விற்கிறவர் வேறு என்ன சொல்வார்! ரானிடிடின் என்ற கேஸ் மாத்திரையையும் இப்படித்தான் நம்பி விழுங்கினோம், 2020-ல் அமெரிக்காவில் சந்தையிலிருந்தே எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

மருந்துச்சீட்டு:
அது வேறு வகை மருந்து. நாளாக ஆக, சூடு பட்டால் இன்னும் கூடுதலாக, அதில் என்டிஎம்ஏ என்ற நச்சு உருவானதுதான் பிரச்சினை. ஒமிப்ரசோலை அதோடு முடிச்சுப் போடாதீர்கள்.

ஆனால் மாத்திரை புளிப்பைத்தான் குறைக்கும், மேலே ஏறுவதை நிறுத்தாது. இரைப்பை வாயில் இருக்கும் தசை தளர்ந்தால் உள்ளே இருப்பது ஏறத்தான் செய்யும். பகலில் அடிக்கடி எச்சில் விழுங்குகிறோம், அது கழுவி இறக்கிவிடும்; தூக்கத்தில் எச்சில் ஊறுவதும் குறைவு, விழுங்குவதும் அபூர்வம், அதனால் ஏறிய அமிலம் அங்கேயே தங்கி உணவுக்குழாயை அரிக்கிறது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் கொடுத்து 6 முதல் 8 அங்குலம் உயர்த்துங்கள். தலையணையை அடுக்காதீர்கள், இடுப்பு மடங்கி வயிற்றில் அழுத்தம்தான் கூடும்.

கடைவீதி:
செங்கல்லா? எங்கள் வீட்டில் பாய் சார், ஒரே அறையில் நாலு பேர். படுக்க மூணு மணி நேரம் முன்னால் சாப்பிடு என்று டாக்டரும் சொன்னார், ஏழரை மணிக்குத்தான் கடையில் கூட்டமே.

ஊர்க்குருவி:
என் அப்பாவும் இப்படித்தான், தானே வாங்கிப் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டினார். காலையில் குரல் கரகரக்கும், ஓயாத வறட்டு இருமல், நாங்கள் சளி என்றே நினைத்தோம். கடைசியில் எண்டோஸ்கோப்பி பார்த்தால் உணவுக்குழாய் முழுக்கப் புண். சோறு தொண்டையில் சிக்கினாலோ, எடை இறங்கினாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள். நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்துக் கொட்டினால் கேஸ் என்று சோடா வாங்கிக் குடிக்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரி.

மருந்துச்சீட்டு:
சரியாகச் சொன்னீர்கள். பாய் என்றால் இடதுபக்கமாகப் படுங்கள், அப்போது இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே இருக்கும். வலதுபக்கம் படுத்தால் தலைகீழ். ஆறு மணி டீயோடு நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து பேருக்கு ஏதாவது சாப்பிட்டால் போதும்.

மிளகுக்கொடி:
மாத்திரை இல்லாமலே சரியாகும் என்று நானும் இதைத்தானே சொன்னேன்?

மருந்துச்சீட்டு:
இல்லை, நீங்கள் சொன்னது பால். ரொம்ப நாள் போட்டவர் சட்டென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரக்கும், டாக்டரைக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

மிளகுக்கொடி:
ஆக, ஆரம்பித்தால் விட முடியாது. இதைவிட வேறென்ன சொல்ல!

கடைவீதி:
நீங்கள் ரெண்டு பேரும் சண்டை போடுங்கள். டீ பிரேக் பத்து நிமிஷம், அதில் நாலு இட்லி உள்ளே போகுமா என்று பார்க்கிறேன். இடதுபக்கம் படுக்கிறேன். மாத்திரையை மட்டும் டாக்டர் சொல்லாமல் விடமாட்டேன், எனக்குத் தூங்கணும்.