1997 மாருதி 800: நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்கிவிடுகிறது. பழைய டேப்பா, அலாரமா?

கார்புரேட்டர்800:
அப்பா வாங்கிய வண்டி. வாரக் கடைசியில்தான் எடுப்பேன். மூன்று நான்கு நாள் சும்மா நின்றால் செல்ஃப் எடுப்பதில்லை. பேட்டரி புதுசு, 35 ஏஎச் (ஆம்பியர்-மணி). ஆல்டர்னேட்டர் சார்ஜ் 14 வோல்ட்டுக்கு மேல் வருகிறது.

வாங்கிய வருடமே வெளியில் மாட்டிய சாமான்கள் இன்னும் இருக்கின்றன. ஜப்பான் கேசட் டேப், சீட்டுக்கு அடியில் பூஸ்டர் (ஆம்ப்ளிஃபயர்), பின் பலகையில் இரண்டு ஓவல் ஸ்பீக்கர், ஆறு விதமாகக் கத்துகிற அலாரம். வண்டி சில நாள் நின்ற பிறகு இந்த அலாரம் நடுராத்திரியில் தானாக அலறுகிறது. ஓட்டிவிட்டு வந்து நிறுத்திய அன்று அலறியதே இல்லை.

ஃபியூஸ் பெட்டியில் எல்லா ஃபியூஸையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துவிட்டேன். வண்டி சும்மா நிற்கும்போது பேட்டரியிலிருந்து போகிற மின்கசிவு மீட்டரில் அப்படியே 0.4 ஆம்பியரில் நிற்கிறது.

எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஆண்ட்ராய்டு திரை போடச் சொல்கிறார்கள். எனக்கு மனசில்லை. ரிமோட்டை அமுக்கினால் வருகிற அந்த 'கீச் கீச்' கேட்டுத்தான் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார் என்று தெரிந்துகொள்வோம்.

மவுண்ட்ரோடு_வாசி:
டேப் இருக்கட்டும், அலாரத்தைக் கழற்றுங்கள். அந்தக் காலத்து மலிவு ரிமோட்டுகளில் பல எப்போதும் ஒரே குறியீட்டைத்தான் அனுப்பும். ஒரு முறை பிடித்துப் பதிவு செய்தால் யாரும் திறக்கலாம். பாதுகாப்பு என்று நினைத்து வைத்திருந்தால் வீண். தீபாவளிக்கு ஒரு அணுகுண்டு வெடித்தால் தெரு முழுக்க நின்ற வண்டிகள் கோரஸ் பாடியது ஞாபகம் இருக்கும். எவராவது எட்டிப் பார்த்தார்களா?

மல்டிமீட்டர்_மாமா:
தம்பி, அவசரப்பட்டு எதையும் பிடுங்க வேண்டாம். கணக்கைப் பாருங்கள். 0.4 ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 9.6 ஏஎச். மூன்று நாளில் கிட்டத்தட்ட 29. உங்கள் பேட்டரியில் மிச்சம் என்ன இருக்கும்? நிற்கிற வண்டியில் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால்தான் நிம்மதி.

ஃபியூஸ் பெட்டியில் அகப்படாததே நல்ல துப்பு. அந்தக் காலத்தில் வெளியில் மாட்டியவர்கள் பலர் பெட்டியைத் தொடவே மாட்டார்கள். பேட்டரியிலிருந்தோ சாவிக்குப் போகிற வயர்க் கட்டிலிருந்தோ நேராக ஒரு வயர் இழுத்து, நடுவில் கண்ணாடி ஃபியூஸ் ஒன்றைத் தொங்கவிட்டு, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுவார்கள். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுத் தேடுங்கள்.

டேப்பின் பின்னால் மஞ்சள் வயர் எப்போதும் 12 வோல்ட், செட்டின் நினைவகத்துக்கு. சிவப்பு, சாவி போட்டால் மட்டும். கறுப்பு எர்த். பூஸ்டரை எழுப்புவது நீல வயர், சில செட்டில் நீலத்தில் வெள்ளைக் கோடு. சாவி இல்லாமலே பாட்டுக் கேட்க வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால் மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கிவிடுவது அன்றைய பழக்கம். ஆன்டெனா மோட்டாருக்கு நீலத்தைக் கொடுத்துவிட்டு, பூஸ்டரின் ரிமோட் வயரை அதே முறுக்கலில் சொருகியதையும் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் பூஸ்டர் இருபத்து நான்கு மணி நேரமும் விழித்திருக்கும். வண்டி நின்று ஒரு மணி நேரம் கழித்து அதன் மேல் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அதுதான் ஆள்.

அலாரம் அலறுவதும் பெரும்பாலும் இதனால்தான். வோல்ட் கீழே போனால் பழைய அலாரப் பெட்டிகள் குழம்பும். மின்சாரத்தை யாரோ வெட்டிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு கத்தும். பேட்டரி நிறைந்திருக்கும் அன்று கத்தவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். கசிவை நிறுத்திய பிறகும் அலறினால் அதிர்வு சென்சாரில் இருக்கும் சின்னத் திருகைக் கொஞ்சம் குறையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: மீட்டர் பேட்டரியோடு தொடரில் இருக்கும்போது சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியரைத் தாண்டி இழுக்கும், மீட்டர் போய்விடும்.

யாழ்_வாகனம்:
அண்ணா, ஜப்பான் செட் எண்டு சொன்னபடியால் கேக்கிறன், எஃப்எம் எத்தனை வரைக்கும் போகுது? இஞ்ச ஜப்பானிலயிருந்து வாற ரீகண்டிஷன் வாகனங்களில் இது பழைய தலையிடி. ஜப்பானில் அந்தக் காலத்தில எஃப்எம் 76 முதல் 90 வரை, எங்களுக்கு 88 முதல் 108.

கார்புரேட்டர்800:
90-உடன் நின்றுவிடுகிறது! கெட்டுப்போய்விட்டது என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தோம்.

யாழ்_வாகனம்:
கெடேல்லை. ஆன்டெனா வயருக்கும் செட்டுக்கும் நடுவில் மாட்டுற பேண்ட் எக்ஸ்பாண்டர் எண்டு ஒரு சின்னப் பெட்டி இருக்கு. அலைவரிசையைக் கீழ இறக்கித் தரும். 20 இறக்கிறதெண்டால் 101.4 உங்களுக்கு 81.4-இல் கேக்கும். ஆனால் 93.5 வராது, 73.5 ஆகிப் பட்டைக்குக் கீழ போயிடும். வாங்க முன்னம் எவ்வளவு இறக்கும் எண்டு பாருங்கோ.

கார்புரேட்டர்800:
மாமா சொன்னது சரி. பூஸ்டர் இளஞ்சூடாக இருந்தது. டேப்பை வெளியே இழுத்துப் பார்த்தால் மஞ்சள், சிவப்பு, பூஸ்டரின் ரிமோட் வயர் மூன்றும் ஒரே முடிச்சு. பிரித்து, சிவப்பைச் சாவியின் ஏசிசி வயருக்கும் (சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வருவது) ரிமோட்டை நீலத்துக்கும் மாற்றினேன். மீட்டர் 35 மில்லி ஆம்பியருக்கு இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு அலாரம் அலறவில்லை.

அப்புறம் இன்னொன்று. கேசட் போட்டால் பாட்டு இழுத்து இழுத்து வருகிறது. நாடாவைப் படிக்கிற ஹெட்டைத் துடைத்தும் அப்படியேதான்.

மல்டிமீட்டர்_மாமா:
ஹெட் அழுக்கானால் ஒலி மங்கும், இழுக்காது. உள்ளே சக்கரங்களைச் சுற்றுகிற ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது உருகித் தாராகியிருக்கும். மேல் மூடியைத் திறந்து பழைய பெல்ட்டின் நீளத்தை நூல் வைத்து அளந்துகொண்டு சென்னை ரிச்சி தெருவில் தேடுங்கள். புதுசை மாட்டுமுன் சக்கரங்களில் ஒட்டிய கறுப்புப் பிசினை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் முழுக்கத் துடைக்க வேண்டும், இல்லையென்றால் வழுக்கும். கேசட்டை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் உருளையையும் தொட்டுப் பாருங்கள். பளபளவென்று கெட்டியாகியிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

மவுண்ட்ரோடு_வாசி:
சரி, அலாரத்தை வைத்துக்கொள்ளுங்கள், 'கீச் கீச்'சுக்காக. ஆனால் ஸ்டியரிங் பூட்டு ஒன்றும் போடுங்கள். ரிமோட்டுக்குப் பேட்டரி வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். 23ஏ, 27ஏ இரண்டுமே 12 வோல்ட், நீளமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் 27ஏ ஒல்லி, 23ஏ போடுகிற இடத்தில் ஆடும்.