மாயாறு, காவிரி: ஆற்றோரக் காட்டில் நீங்கள் பார்த்தது என்ன?

பவானிசாகர்வாசி

மாயாற்றங்கரையில் தெங்குமரஹாடா பரிசல் துறை எல்லோருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். நல்ல கோடை. சரிவு முழுக்க உசிலையும் வெள்வேலும் காய்ந்து நிற்க, ஆற்றை ஒட்டி நீர்மருது வரிசை மட்டும் பச்சை. ஒரு மரத்தின் இலைகள் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெளுத்திருந்தன. அண்ணாந்து பார்த்தால் உச்சிக் கவட்டையில் சுள்ளிக் கூடு, அதில் வெண்முதுகுப் பாறு, பிணந்தின்னிக் கழுகு. இலையில் இருந்த வெளுப்பு அதன் எச்சம். கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு ஒரு கண்ணால் என்னையே பார்த்தது. அந்தப் பார்வை இன்னும் போகவில்லை. டைக்ளோஃபீனாக் என்ற வலிமருந்து போட்ட மாடு செத்தால், அதைத் தின்னும் பாறும் சாகும். அதைக் கால்நடைக்குப் போடுவதை 2006-இல் தடை செய்தார்கள், சரி. இந்த மரங்கள் போய்விட்டால்? பாறுக்கு இங்கே வேறு இடமே கிடையாது.

தருமபுரி வாசகர்

"வேறு இடமே கிடையாது" என்பதை ஏற்க முடியவில்லை. வெண்முதுகுப் பாறு பெரிய மரம் தேடும், உண்மை. கருங்கழுத்துப் பாறு பெரும்பாலும் செங்குத்துப் பாறை விளிம்பில்தான் கூடு வைக்கும். மாயாற்றில் இரண்டும் உண்டு. மரத்தையும் பாறையையும் சேர்த்தே பேசுங்கள்.

நான் பார்த்தது ஒகேனக்கல் பக்கம், காவிரிக் கரையில். சாம்பல் நிற மலை அணில் மருதுக்கு மருது தாவி வந்தது. ஓர் இடத்தில் மரம் வெட்டிய வெளி. கிளை நுனிவரை வந்து, வால் தொங்க நின்று, எட்டிப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிவிட்டது. கிளையோடு கிளை கோத்திருந்தால்தான் அதற்குக் காடு.

சத்திக்காரர்

மாயாற்றங்கரையில் காய்ந்த சாணியைக் குச்சியால் கிளறினேன். உள்ளே சீமைக்கருவேல முளைகள், நெருக்கமாக. மாடும் மானும் நெற்றைத் தின்று கரை முழுக்க விதைத்துவிடுகின்றன. வெளிமான் மேயும் புல்வெளியைச் சீமைக்கருவேலம் ஆக்கிரமித்ததும் இப்படித்தான்.

ஆற்றோரம் நிலம் உள்ளவர்களுக்குச் சொல்கிறேன். சீமைக்கருவேலத்தை மேலாக வெட்டினால் மறுபடி தழைக்கும், தூரோடு பிடுங்குங்கள். பிடுங்கிய கரையை வெறுமனே விடாதீர்கள், வெள்ளம் மண்ணை அரித்துவிடும். தண்ணீர் தொடும் இடத்தில் நீர்மருது, ஆற்றுப்பாலை. சற்று மேலே புங்கன், நாவல். மருதுக் காய் ஐந்து இறக்கையோடு மரத்தடியிலேயே கிடக்கும். ஊறவைத்து நாற்றுப் பையில் போடுங்கள், கன்று தேறியதும் மழைக்காலத்தில் நடுங்கள். அப்புறம், அணிலுக்காக நடுவதென்றால் பெரிய இடைவெளி விடாதீர்கள். ஆடு கடிக்காமல் முள் அடைப்பது முக்கியம். காட்டுக்குள் நீங்களாக எதுவும் நடவேண்டாம், அது வனத்துறை முடிவு செய்ய வேண்டியது.