செஃப் ஸ்டேட்டஸ்: உங்களை உட்கார வைத்த வரி எது?

மேய்ப்பன்:
செஃப் (Ceph) கிளஸ்டர், அதாவது பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பகமாக்கும் அமைப்பைப் பார்த்துக்கொள்கிறவர்கள் காலையில் முதலில் அடிக்கும் கமாண்ட் ‘செஃப் மைனஸ் எஸ்’தான். மேலே ஹெல்த், அப்புறம் மானிட்டர் (கிளஸ்டரின் நிலையைக் கவனித்துச் சொல்வது), மேனேஜர், ஓஎஸ்டி (டிஸ்க்குக்கு ஒன்றாக ஓடும் சேமிப்பு ப்ரோக்ராம்) எண்ணிக்கை, கடைசியில் டேட்டா. எல்லாம் ஒரே திரையில் அடங்கிவிடும். எங்கள் இடத்தில் மேலதிகாரிகள் பார்ப்பது முதல் வரியை மட்டும். ஓகே என்றால் நிம்மதி, வார்ன் என்றால் உடனே போன். எனக்கு அந்த வரியில் பெரிய மரியாதை இல்லை.

6 சர்வர், ஒவ்வொன்றிலும் 12 டிஸ்க். ஒரு சர்வரில் மெமரி மாற்ற வேண்டியிருந்தது. நின்றுபோன டிஸ்க்கை ‘அவுட்’ என்று ஒதுக்காதே என்று சொல்லும் நோஅவுட் கொடியைப் போட்டுவிட்டு அதை அணைத்தோம். திரையில் ‘72 ஓஎஸ்டி, 60 அப், 72 இன்’. டிக்ரேடட் (குறைந்துபோன பிரதிகள்) 16.6 சதவீதம். மூன்று பிரதி வைக்கும் பூலில் (டேட்டா தொகுப்பில்) ஆறில் ஒரு சர்வர் போனால் கணக்கு அவ்வளவுதான் வரும், பயப்பட ஒன்றுமில்லை. கொடி போடாவிட்டால் 600 விநாடி கழித்து அந்த 12 ஓஎஸ்டியையும் ‘அவுட்’ ஆக்கி, அவற்றில் இருந்த மொத்த டேட்டாவையும் மற்ற டிஸ்க்குகளில் மறுபடி எழுத ஆரம்பித்துவிடும். சர்வர் திரும்பி வந்ததும் இடையில் மாறிய ஆப்ஜெக்ட்டுகளை மட்டும் சரிசெய்தது, எண் மளமளவென்று இறங்கியது. பிஜி (ஆப்ஜெக்ட்டுகளைப் பிரித்து வைக்கும் குழு) எல்லாம் ஆக்டிவ் ப்ளஸ் க்ளீன், அதாவது நலம். ஆனாலும் முதல் வரி வார்ன், அதாவது மஞ்சள்! ஏனென்றால் கொடி இருப்பதே ஒரு வார்னிங். அதை மேலிடத்துக்கு விளக்க எடுத்த நேரம் மெமரி மாற்றியதைவிட அதிகம்.

ரேக்கடி:
எங்களுடையது இதற்கு நேர் எதிர். மொத்தப் பயன்பாடு 71 சதவீதம்தான் காட்டியது, இன்னும் நிறைய இடம் இருக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் ‘1 நியர்ஃபுல் ஓஎஸ்டி’ என்று ஒரு வரி மட்டும் வந்து நின்றது. ‘செஃப் ஓஎஸ்டி டிஎஃப்’ போட்டுப் பார்த்தால் ஒரு டிஸ்க் 86 சதவீதம், இன்னொன்று 58. 85-இல் நியர்ஃபுல், 90-இல் பேக்ஃபில் (வேறு டிஸ்க்கிலிருந்து பிரதிகளைக் கொண்டுவந்து எழுதுவது) மறுப்பு, 95-இல் எழுத்தே நிற்கும். கொடுத்திருக்கும் இயல்பு அளவுகள் இவை. 95-ஐத் தொடுவது ஒரே டிஸ்க்காக இருந்தாலும், அது தாங்கும் பூல்கள் எழுத மறுக்கும். சராசரியைப் பார்த்து டிஸ்க் வாங்குவதைத் தள்ளிப்போட்டால் மாட்டிக்கொள்வோம். ‘செஃப் டிஎஃப்’ காட்டும் மேக்ஸ் அவைல் (இன்னும் எழுதக்கூடிய அளவு) கொஞ்சம் நேர்மையானது, முதலில் நிரம்பப்போகும் டிஸ்க்கை வைத்துக் கணக்குப் போடும். டேட்டாவைச் சமமாகப் பரப்பும் பேலன்சரை அப்மேப் முறையில் ஓடவிட்டதும் வித்தியாசம் குறைந்தது.

மூன்றாம் ஷிஃப்ட்:
கமாண்ட் பதிலே தராமல் நின்ற அனுபவம் யாருக்காவது உண்டா? எனக்கு உண்டு. மூன்று மானிட்டரில் இரண்டு, நெட்வொர்க் சுவிட்ச் கோளாறில் துண்டாகிவிட்டன. பெரும்பான்மை இல்லாததால் ஸ்டேட்டஸ் சொல்ல ஆளில்லை. கர்சர் துடித்துக்கொண்டே இருக்கிறது, பிழைச் செய்தியும் இல்லை. மீதியிருந்த மானிட்டர் சர்வருக்குள் போய் அந்த மானிட்டரிடமே நேராகப் பேசும் அட்மின் சாக்கெட் வழியாக ‘மான் ஸ்டேட்டஸ்’ கேட்டேன். ‘ப்ரோபிங்’ என்றது. அதாவது கூட்டாளிகளைத் தேடிக்கொண்டிருக்கிறது. இதில் வேடிக்கை, செஃபில் டிஸ்க் வைத்திருக்கும் விஎம்கள் (மெய்நிகர் கணினிகள்) அந்த நேரத்திலும் ஓடிக்கொண்டிருந்தன. டேட்டா மானிட்டர் வழியாகப் போவதில்லையே, க்ளையன்ட் தானே, டேட்டா எந்த டிஸ்க்கில் என்று சொல்லும் க்ரஷ் கணக்குப் போட்டு நேராக ஓஎஸ்டியிடம் போகிறது. அதனால் பயனர்கள் யாரும் போன் பண்ணவில்லை. இப்படி எவ்வளவு நேரம் தாங்கும் என்று சோதிக்க நான் தயாராக இல்லை. சுவிட்சை மாற்றினோம்.

ரேக்கடி:
மானிட்டர் என்றதும் நினைவு வருகிறது. கடிகாரம் 0.05 விநாடி விலகினாலே க்ளாக் ஸ்க்யூ என்று கத்தும். நேரத்தை ஒத்துப்போக வைக்கும் க்ரோனி சரியாக ஓடினால் போதும்.

பழைய டிஸ்க்:
சிவப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. ‘1 பிஜி இன்கன்சிஸ்டென்ட்’ வந்தால் ஹெல்த் எரர்தான். வாரம் ஒருமுறை நடக்கும் டீப் ஸ்க்ரப் பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்வது அது. உடனே ‘பிஜி ரிப்பேர்’ அடிக்கச் சொல்வார்கள். நான் முதலில் ‘ஹெல்த் டீடெயிலில்’ பிஜி எண் எடுத்து, எந்த ஓஎஸ்டியின் பிரதி கெட்டது என்று பார்த்து, அந்த டிஸ்க்கின் கெர்னல் லாகையும், டிஸ்க்கே தன் நலத்தைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையையும் பார்ப்பேன். ஒருமுறை அப்படிப் பார்த்தபோது வரிசையாக ரீட் எரர். ரிப்பேர் அடித்தால் பச்சை வந்திருக்கும், டிஸ்க்கும் உள்ளேயே இருந்திருக்கும். டிஸ்க்கைக் கழற்றினோம்.

புது அட்மின்:
ஒரு சந்தேகம் அண்ணே. டிக்ரேடட், மிஸ்ப்ளேஸ்டு இரண்டும் ஒன்றா? நேற்று புது சர்வர் சேர்த்ததும் மிஸ்ப்ளேஸ்டு 20 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது.

மேய்ப்பன்:
இல்லை தம்பி. டிக்ரேடட் என்றால் பிரதி குறைகிறது. மிஸ்ப்ளேஸ்டு என்றால் பிரதிகள் முழுசாக இருக்கின்றன, இருக்க வேண்டிய டிஸ்க்கில் இல்லை, இடம் மாறிக்கொண்டிருக்கின்றன. புது சர்வர் சேர்த்தால் அப்படித்தான் வரும். பகலில் பயனர்களுக்கு இழுவையாக இருந்தால் பேக்ஃபில் வேகத்தைக் குறைத்துக்கொள். டிக்ரேடட் பூஜ்யம்தானே?

புது அட்மின்:
பூஜ்யம்தான்.